ஒரே ஒரு வாய்

தோளில் மாட்டியதுமே தெரிந்துவிட்டது, பையில் ஏதோ கூடுதலாக இருக்கிறது என்று. பல வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவருக்குத் தன் கருவிப் பையின் கனம் தெரியாமல் போகாது. பேருந்து நிறுத்தத்தில் ஓரமாக ஒதுங்கிப் பையைத் திறந்தார். ஸ்பானர்களுக்கு அடியில், கிரீஸ் துடைக்கிற பழைய துணியில் சுற்றிய சின்ன பாட்டில் ஒன்று படுத்திருந்தது. மூடி இன்னும் திறக்கப்படவில்லை. பச்சைக் குழந்தையைச் சுற்றுகிற பதமாகச் சுற்றி வைத்திருந்தார்கள்.

யார் வேலை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நேற்று சாயங்காலம் பை மைத்துனரின் பக்கத்தில்தான் இருந்தது.

சாக்கடையில் ஊற்றிவிடலாம். ஆனால் ஊற்ற மூடியைத் திருக வேண்டும். திருகினால் வாசனை வரும். வாசனை வந்தால் அப்புறம் என்ன ஆகும் என்பதற்குத் தன்னாலேயே உத்தரவாதம் தர முடியாது என்று அவருக்குத் தெரியும். துணியோடு சேர்த்து அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டார். பேருந்து வந்தது, ஏறினார், இடமும் கிடைத்தது. அடுத்த திருப்பம் வரைக்கும் கழுத்து மட்டும் குப்பைத் தொட்டிப் பக்கமே திரும்பியிருந்தது.

ஒரு காலத்தில் அவருக்கு 'தண்ணி' என்று பெயர். கம்பெனியில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள், சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். குடியை நிறுத்திய பிறகு நாக்கு சும்மா இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைச் சமாளிக்கச் சட்டைப் பை நிறைய மிட்டாய் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். நடக்கும்போது காகிதம் சரசரக்கும். "மிட்டாய்க்காரர் வர்றார், இனி லிஃப்ட் ஓடும்" என்று கட்டடத்துக் காவலாளிகள் சிரிப்பார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை.

நிறுத்தியது அவராக எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. ஒருநாள் காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர் குளியலறையிலேயே விழுந்தார். வலிப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் கை இரண்டையும் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். சுவர் முழுக்கப் பூச்சி ஊர்கிறது என்று கத்திக்கொண்டிருந்தாராம். தெளிந்த பிறகு, அவரைவிட வயதில் சின்னவரான டாக்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை பொழச்சுட்டீங்க. அடுத்த தடவை உங்க ஈரல் என்னைக் கேட்டுட்டு முடிவு பண்ணாது."

"விட்டுட்டேன் டாக்டர்."

"விட்டுட்டோம்னு அசந்துடாதீங்க. அது எங்கயும் போகாது. உங்களுக்கு ரொம்ப வேண்டிய முகத்தோடதான் திரும்பி வரும்."

இது என்ன, வைத்தியம் பார்க்கிறவர் குறிசொல்கிற மாதிரி பேசுகிறாரே என்று அப்போது தோன்றியது.

வாரம் ஒரு சாயங்காலம், தையல் கடைக்கு மேலே இருக்கும் அறைக்குப் போவார். குடியை விட்டவர்கள் கூடும் இடம். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, அவரவர் அந்த வாரத்தை எப்படிக் கடந்தோம் என்று சொல்வார்கள். கீழே தையல் மிஷின்கள் ஓடுவது காலில் அதிரும். யாராவது வராமல் போனால் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு அந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் அடுக்கிவிடுவார்கள். அடுக்கும் சத்தம் மட்டும் அவருக்கு வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வரும்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும், "என்னங்க, வெளிய வெயில் ஜாஸ்தியா?" என்பாள். மழை பெய்கிற நாளிலும் அதே கேள்விதான். அவர் வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவே. அவரும் அது தெரிந்து, வாசலிலேயே நின்று, மூச்சை நன்றாக வெளியே விட்டு, வெயிலைப் பற்றி நாலு வார்த்தை சேர்த்தே பேசுவார். அவள் முகம் தளர்ந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

மைத்துனர், மனைவியின் அண்ணன். அப்பா செத்த பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவர். மிட்டாய்க்காரருக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவர்தான், "பையன் கை சுத்தம்" என்று சொல்லித் தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். முதல் தம்ளரை ஊற்றியதும் அவர்தான். அவரை வெறுக்க யாராலும் முடியாது. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, உள்ள ஃபேன் ஓடுதா? அப்ப நீங்க சௌகரியமா இருங்க, நாங்கதான் வெளிய வேகறோம்" என்பார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள்.

வலிப்பு வந்து கிடந்தபோது பழத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் தேம்பித் தேம்பி அழுதவரும் அதே மைத்துனர்தான். ஆனால் மாதங்கள் போகப் போக முகம் மாறியது. முதலில் கேலி. பிறகு கேலியில் ஒரு முள். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் திடீரென்று, "நீ நல்லவனாயிட்ட. அப்ப நான் யாரு மாப்ள?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மிட்டாய்க்காரர் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினார்.

பாட்டிலைக் குப்பையில் போட்ட அன்று இருவருக்கும் ஒரே கட்டடத்தில் வேலை. பழைய அடுக்குமாடி. படிக்கட்டுக்கு அடியில் சைக்கிள்கள், பக்கத்தில் பூட்டு உடைந்த தபால் பெட்டிகள். மைத்துனர் காவலாளியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, பை கனமா இருந்துச்சா?"

"குப்பைத் தொட்டியில போட்டுட்டேன் மச்சான்."

"முழுசாவா?"

"முழுசா."

"அடப்பாவி! அது உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?" மைத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார். காவலாளியும் சிரித்தான். பிறகு மைத்துனர் அவர் தோளில் கைபோட்டுக் காதுக்குள் சொன்னார். "நீ குடிப்ப மாப்ள. என்னைக்குன்னு தெரியாது, ஆனா குடிப்ப. அன்னைக்கு நான் பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான் என் ஆசை."

பேச்சோடு வந்த வாசனையிலேயே தெரிந்துவிட்டது, காலையிலேயே ஆரம்பித்தாயிற்று என்று. மேலதிகாரிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட வேண்டியதுதான் முறை. ஆனால் தான் தள்ளாடிக்கொண்டு வேலைக்கு வந்த நாட்களில் எத்தனை தடவை இதே மனுஷர் தன் வேலையையும் சேர்த்துச் செய்து காப்பாற்றியிருக்கிறார்! அந்த நினைப்பு கையைக் கட்டிப்போட்டது. பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கினார்.

லிஃப்ட் ஓடும் கூண்டின் அடியில், தரைத்தளத்துக்கும் கீழே ஒரு குழி இருக்கும். லிஃப்ட் தவறிக் கீழே வந்தால் தாங்கிக்கொள்ள நடுவில் தடித்த ஸ்பிரிங் நிற்கும். அங்கே தண்ணீர் ஊறி ஸ்பிரிங்கின் அடி துருப்பிடித்திருந்தது. அதைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது அவர் வேலை. மைத்துனர் மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறையில் வேறொரு கோளாறைப் பார்க்க வேண்டும். குழிக்குள் ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு. அதை அமுக்கிவிட்டால் மேலே யார் என்ன செய்தாலும் லிஃப்ட் நகராது. நகரக்கூடாது. மேலே கண்ட்ரோல் பெட்டியில் ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே மாட்டினால் மட்டும் அந்தச் சுவிட்சும், கதவு திறந்திருந்தால் லிஃப்டை நிறுத்துகிற சுவிட்சும் செத்துப்போகும். கோளாறு தேடும்போது சிலர் அப்படி மாட்டுவதுண்டு. அதற்கு முன்னால் குழியில் ஆள் இல்லை என்று பார்க்க வேண்டும், தேடி முடித்ததும் ஒயரைக் கழற்ற வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது. அவருக்குச் சொல்லித்தந்தவர் மைத்துனர்.

சுவிட்சை அமுக்கிவிட்டு, தரைத்தளக் கதவைத் திறந்தபடி கட்டை வைத்து, குறுக்கே 'வேலை நடக்கிறது' பலகையைச் சாய்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். பாதி சுரண்டியிருப்பார். தலைக்கு மேலே கயிறுகள் முனகின.

நிமிர்ந்து பார்த்தார். உயரத்தில் சின்னதாகத் தெரிந்த கறுப்புச் சதுரம் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"மச்சான்! மச்சான், நிறுத்துங்க!"

சிவப்பு சுவிட்சை மறுபடி அமுக்கினார், குத்தினார், உள்ளங்கையால் அறைந்தார். சதுரம் இறங்கிக்கொண்டே இருந்தது. ஏறி வெளியே போக நேரமில்லை. ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில், ஊறிய தண்ணீரிலேயே மல்லாக்கப் படுத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். வெளிச்சம் ஒரு கோடாகி, பிறகு அதுவும் போயிற்று. லிஃப்ட் நின்றது. அதன் அடிப்பாகத்து இரும்பு அவர் மூக்குக்கு ஒரு சாண் மேலே இருந்தது. தூசியும் கிரீஸும் கண்ணில் உதிர்ந்தன.

மேலே காலடிச் சத்தம். ஏதோ ஒரு குழந்தை லிஃப்டுக்குள் குதித்தது. குதிக்கக் குதிக்க இரும்பு அதிர்ந்தது.

"குதிக்காதடா, லிஃப்ட் அறுந்துடும்" என்று ஒரு பெண்குரல் அதட்டியது. "இந்தப் பலகையை வேற நடுவுல வெச்சுட்டுப் போயிருக்காங்க பாரு." பலகை இழுபடும் சத்தம். செருப்புச் சத்தம் தெருப் பக்கம் போய்த் தேய்ந்தது.

கத்த வாயைத் திறப்பதற்குள் அந்தச் சத்தமும் போய்விட்டது. சாகப்போகிற நேரத்தில் பெண்டாட்டி பிள்ளை ஞாபகம் வரும் என்பார்கள். அவருக்கு வந்தது குப்பைத் தொட்டியில் கிடக்கும் பாட்டில். இந்நேரம் அதை யாராவது எடுத்திருப்பார்களா, அதே இடத்தில் இருக்குமா என்று யோசித்தார். அப்படி யோசித்ததுதான் பிற்பாடு அவரை அதிகம் உலுக்கியது.

மேல்மாடியில் யாரோ பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். லிஃப்ட் ஒரு குலுக்கலோடு மேலே ஏறியது. எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. படிக்கட்டு வழியாகவே மொட்டைமாடிக்கு ஏறினார்.

மோட்டார் அறையில் மைத்துனர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், அதில் தேநீர் நிறத்தில் ஏதோ பாதி. "ஓடுது பாத்தியா மாப்ள, வெண்ணெய் மாதிரி!"

அவரைத் தாண்டிப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மோட்டார் அடங்கியது. கண்ட்ரோல் பெட்டியில் மஞ்சள் ஒயர் ஒன்று குறுக்கே வளைந்து நின்றது. அதைப் பிடுங்கி மைத்துனரின் மடியில் போட்டார்.

"மச்சான், நான் கீழ இருந்தேன்."

மைத்துனர் ஒயரைப் பார்த்தார். அவர் நனைந்த முதுகை, முகத்தில் அப்பியிருந்த கிரீஸைப் பார்த்தார். "நீ வெளிய வந்துட்டேன்னு நெனச்சேன் மாப்ள. சத்தமே காணோமேன்னு... ஐயோ." எழுந்து இரண்டு கையாலும் அவர் முகத்தைத் தடவினார். "ஐயோ, கை எப்படி நடுங்குது பாரு உனக்கு. உக்காரு. இந்தா, ஒரு வாய் போடு. ஒரே ஒரு வாய். மருந்து மாதிரி நெனச்சுக்கோ, நடுக்கம் நின்னுடும்."

அதில் சூது எதுவும் இல்லை. கண்ணில் தண்ணீரோடு, பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மாதிரி நீட்டினார்.

மிட்டாய்க்காரர் அதை வாங்கினார். வாங்கிவிட்டார் என்பதே கையில் கனம் தெரிந்த பிறகுதான் உறைத்தது. வாசனை மூக்கில் ஏறியது, வாயில் எச்சில் ஊறியது. உடம்பு முழுக்க, ஒவ்வொரு நரம்பும், ஆமாம் ஆமாம் என்றது. கீழே கிடந்த மூடியை எடுத்தார். அது பாட்டிலின் வாயில் உட்காரவே இல்லை. விழுந்தது, எடுத்தார், மறுபடி விழுந்தது. ஒருவழியாகத் திருகி மூடிவிட்டு மேலதிகாரிக்குப் போன் செய்தார்.

"சார், உடனே வாங்க. லிஃப்டை நிறுத்தியிருக்கேன். என்ன நடந்துச்சுன்னு வந்ததும் சொல்றேன். பாட்டிலும் இங்கதான் இருக்கு."

"மாப்ள, விளையாடாத," என்றார் மைத்துனர். போனை வைத்ததும் மைத்துனரின் குரல் மாறியது. "என் தங்கச்சியை உனக்குக் குடுத்தவன்டா நான்."

"தெரியும் மச்சான்."

மூடிய பாட்டிலைக் கண்ட்ரோல் பெட்டியின் மேல் வைத்துவிட்டு மேலதிகாரிக்காகக் காத்திருந்தார்.

மைத்துனருக்கு வேலை போயிற்று. மனைவி விஷயத்தைக் கேட்டதும் முதலில் அவர் சட்டையைக் கழற்றி முதுகில் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தாள். சிராய்ப்புகளுக்கு மருந்து போட்டாள். போட்டு முடித்துவிட்டு, "அண்ணனுக்கு வேற தொழில் தெரியாதுங்க" என்றாள். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். அன்றிலிருந்து அவள் வெயிலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். கதவைத் திறப்பாள், உள்ளே போய்விடுவாள். அவர் வாசலில் நின்று காத்திருப்பார். குடித்துவிட்டு வந்தாலும் இனி இவளுக்குத் தெரியப்போவதில்லை என்று ஒரு நினைப்பு மெல்ல எட்டிப்பார்க்கும். குழிக்குள் கிடந்தபோதுகூட அப்படி உடம்பு சில்லிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைத்துனரின் மனைவியிடமிருந்து போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பிய மனைவியின் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணன் காலையிலயே கடைக்குப் போயிட்டாராம். இனி வீட்டுக்கு வரமாட்டேன், என்னைத் தேடாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காராம். நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. நீங்க கூப்பிட்டா வருவார்."

"அந்தக் கடைக்குள்ளயா?"

"வேற யாரு போறது?"

அவர் போனார். பழகிய சந்து. பகலிலும் டியூப்லைட் எரியும் நீளமான அறை. ஈரத்துணி நாற்றம், எச்சில் மேஜைகள், எதற்கென்றே தெரியாமல் ஓடும் டிவி. பரிமாறுகிறவன் அவரைப் பார்த்ததும் மலர்ந்து, "வாங்க சார், ஆளையே காணோமே" என்று மூலையிலிருந்த பழைய மேஜையைத் துடைத்து, கேட்காமலே ஒரு தம்ளரை வைத்தான். மைத்துனர் அங்கேதான் இருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"உக்காரு மாப்ள. வருவேன்னு தெரியும்."

"வீட்டுக்குப் போலாம் மச்சான். அக்கா அழறாங்க."

மைத்துனர் அந்தத் தம்ளரில் ஊற்றினார். கை நடுங்காமல், சொட்டு சிந்தாமல் ஊற்றினார். "வர்றேன். இதுல ஒரு வாய் குடி, எந்திரிச்சு உன் பின்னாலயே வர்றேன். அப்புறம் ஜென்மத்துக்கும் தொடமாட்டேன். என் தங்கச்சி மேல சத்தியம்."

மிட்டாய்க்காரர் தம்ளரைப் பார்த்தார். ஒரு வாய். மச்சான் வீடு திரும்புவார். மனைவி பழையபடி பேசுவாள். குடிப்பதற்கு வாழ்நாள் முழுக்க அவர் எத்தனையோ காரணம் தேடியிருக்கிறார், இவ்வளவு நல்ல காரணம் ஒருநாளும் கிடைத்ததில்லை. கை மேஜைமேல் ஏறியிருந்தது. விரல் நுனியில் தம்ளரின் குளிர்ச்சி பட்டது. அப்போதுதான் இத்தனை நேரம் கேட்காத ஒன்று கேட்கத் தோன்றியது.

"நான் குடிச்சா உங்களுக்கு என்ன கிடைக்குது மச்சான்?"

மைத்துனர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். டிவியில் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "தனியா குடிக்க பயமா இருக்குடா," என்றார் கடைசியில். "நிறுத்தவும் பயமா இருக்கு."

மிட்டாய்க்காரர் கையை எடுத்தார். "நான் வாசல்ல நிக்கறேன். எப்ப வந்தாலும் சரி. சேர்ந்து போலாம்."

எதிர்ச் சாரியில் பூட்டிய கடையொன்றின் படியில் நின்றார். வெயில் சாய்ந்தது. உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவிளக்கு எரிந்த பிறகு பரிமாறுகிறவன் வெளியே வந்து பீடி பற்ற வைத்தான். "இன்னும் நிக்கறீங்களா? அவர் அப்பவே பின்பக்கமா போயிட்டாரே சார்."

வீட்டில் மனைவி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வரலை," என்றார்.

அவள் எழுந்து, சுற்றி வளைக்காமல், அவர் வாயருகே முகத்தைக் கொண்டுவந்து முகர்ந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணனுக்காக அழுகிறாளா, தனக்காகவா என்று அவருக்குத் தெரியவில்லை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களை நான் அங்க அனுப்பியிருக்கக்கூடாது."

"நானும் போயிருக்கக்கூடாது."

மைத்துனர் ஊரைவிட்டே போய்விட்டார். எங்கோ தொலைவில் ஒரு கிடங்கில் காவல் வேலை என்று பிற்பாடு தெரிந்தது. எப்போதாவது பகலில் போன் வரும். நலம் விசாரிப்பு எதுவும் இருக்காது. "மாப்ள, இன்னும் குடிக்கலையா?" என்பார்.

"இல்ல மச்சான்."

"சரி." வைத்துவிடுவார். அந்தச் 'சரி'யில் ஏமாற்றமா நிம்மதியா என்று அவரால் கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை. மனைவி கேட்டால், "நல்லா இருக்காராம்" என்பார்.

போன வாரம் வந்த அழைப்பில் அந்தக் கேள்வி வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. "மச்சான்? மச்சான்?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நாற்காலி இழுபடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு லைன் அறுந்தது. திருப்பிப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இந்தத் தடவை மனைவியிடம் அவர் எதையும் மறைக்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே அந்தக் கிடங்கைத் தேடிக் கிளம்பினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அது அடிக்கவில்லை.

"அங்க போய் என்னங்க சொல்றது?"

"தெரியலை," என்றார். பேருந்து கிளம்பியது.